பானு டீச்சரின் குரல் ஓய்ந்திருந்த ஆண்டு

எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ஒவ்வொரு துறையும் தன் ஆண்டறிக்கையை வாசிக்க வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம். சென்ற பிப்ரவரியில் ஆங்கிலத் துறைக்கும் நூலகத்துக்கும் சேர்த்து வாசித்த அறிக்கையில் மன்றக் கூட்டங்கள், நாடகம், புத்தகத் திருவிழாப் பயணம் எல்லாம் இருந்தன. அந்த வேலைகளைச் செய்தவருக்கு அந்த ஆண்டு என்ன நேர்ந்தது என்பது மட்டும் இல்லை. மூன்று நிமிடத்தில் அதற்கு இடமும் கிடையாது. ஆசிரியர் அறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. அதனால் நான் எழுதுகிறேன். என் பெயர் மலர்விழி. அதே பள்ளியின் தமிழாசிரியை.

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் இறங்கி, உள்ளே இரண்டு கிலோமீட்டர் போனால் புளியம்பள்ளம். ஊருக்குள் நுழையும்போதே தறிச் சத்தம் கேட்கும். பள்ளி ஊருக்கு மேற்கே, கரட்டுக் குன்றை ஒட்டி. ஆறாவது முதல் பத்தாவது வரை இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி. அங்கே பதினாறு ஆண்டுகளாக ஆங்கிலம் எடுப்பவர் ஷஹர்பானு. பிள்ளைகளுக்குப் பானு டீச்சர்.

அவர் சேலத்துக்காரர். கோட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா கரீம் பாஷா கடைவீதியில் அலுமினியப் பாத்திரக் கடை வைத்திருந்தார். பள்ளி முழுக்கத் தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்தபோது, முதல் மாதம் வகுப்பில் ஒரு வரிகூடப் புரியவில்லையாம். வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து சொல்லவும் இல்லை. தினமும் காலையில் கடை திறக்கிற நேரத்தில் போய் உட்கார்ந்து, ஆங்கிலச் செய்தித்தாளைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். பாத்திரம் அடுக்குகிற சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்றால் கத்தித்தான் ஆக வேண்டும்.

"அத்தாவுக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்து தெரியாது. ஆனா நான் எங்க தடுமாறுனாலும் கண்டுபிடிச்சிருவாரு. 'அந்த இடத்துல வண்டி குலுங்குச்சே, இன்னொரு தடவை போ'ம்பாரு" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அப்படி வந்த ஆங்கிலம் என்பதாலோ என்னவோ, அவருக்குப் பாடம் என்றால் குரல்தான். பத்தாவது வகுப்பில் அவர் பாடம் நடத்தினால் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டாவது பிள்ளைகளும் சேர்ந்து படிக்கலாம். நான் தமிழ் நடத்திக்கொண்டிருக்கும்போது என் வகுப்பில் ஒரு பையன் செயப்பாட்டு வினைக்கு ஆங்கிலத்தில் உதாரணம் சொன்னான். அது பக்கத்து அறையிலிருந்து வந்தது. யாராவது தப்பாக வாசித்தால் பானு டீச்சர் போடுகிற அதட்டல் சமையல் கூடம் வரை கேட்கும். நல்ல மனசு. மதியம் தன் டப்பாவில் இருக்கிறதை எல்லோருக்கும் பகிர்ந்துவிட்டுத்தான் சாப்பிடுவார். ஆனால் வகுப்புக்குள் போய்விட்டால் வேறு ஆள்.

நான் சொல்ல வந்த ஆண்டுக்கு முந்தைய ஆண்டே அவர் குரல் கரகரத்துக்கொண்டிருந்தது. மிளகும் பனங்கற்கண்டுமாக ஓட்டினார். ஜூனில் பள்ளி திறந்து இரண்டாவது வாரம், ஒன்பதாவது வகுப்பில் ஒரு வாக்கியத்தின் பாதியில் குரல் நின்றுபோனது. வாய் அசைகிறது, காற்றுதான் வருகிறது. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்ததும் பயந்துபோனார்கள்.

சேலத்தில் காது மூக்குத் தொண்டை டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாண்களில் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன முடிச்சுகள். கத்திக் கத்தி வருவது என்றார். ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ரகசியம் பேசுவது போல் காற்றுக் குரலில் பேசுவது இன்னும் கெடுதல். கரையாவிட்டால் அறுவை செய்ய வேண்டியிருக்கும்.

அடுத்த நாள் பானு டீச்சர் தலைமையாசிரியர் மதியழகன் சாரின் மேசையில் மருத்துவ விடுப்பு விண்ணப்பத்தை வைத்தார். சார் அதைப் படித்துவிட்டு மடித்து டிராயருக்குள் போட்டார். இன்னொரு ஆங்கில ஆசிரியர் மாறுதலில் போய் ஆறு மாதம் ஆகியும் அந்த இடம் காலியாகத்தான் கிடந்தது.

"விடுப்பு உங்க உரிமைங்க டீச்சர். வேணும்னா இன்னைக்கே கையெழுத்துப் போட்டுத் தாரேன். ஆனா ஊட்ல உக்காந்தா உங்களுக்குப் பைத்தியம் புடிச்சிரும், எனக்குத் தெரியும். பேசாம செய்யற வேலை ஒண்ணு இருக்குதுங்க. நம்ம நூலகம்" என்றார்.

நூலகம் என்று அவர் சொன்னது ஒரு பழைய வகுப்பறை. மூன்று இரும்பு பீரோக்கள், கால் உடைந்த பெஞ்சுகள், விலையில்லாப் புத்தகப் பைகள் வந்த அட்டைப் பெட்டிகள். பீரோக்களின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆனது. பானு டீச்சர் முகம் சுண்டிப்போனது. பதினாறு வருடம் பத்தாவது எடுத்தவரை மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள் என்றுதான் அவருக்குப் பட்டது. அன்று என் நோட்டில் எழுதிக் காட்டினார்: "என்னையும் அந்த உடைஞ்ச பெஞ்சு கணக்குல சேர்த்துட்டாங்க."

வகுப்புகளை எப்படி நடத்துவது என்பதில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். ஒன்பதாவதும் பத்தாவதும் பானு டீச்சர் கரும்பலகையில் எழுதுவார். எனக்கு ஓய்வாக இருக்கிற பீரியடில் நான் போய் அதை வாசிப்பேன். மற்ற நேரம் இலக்கணத்தை மதியழகன் சார் பார்த்துக்கொள்வார். அவர் அறிவியல் ஆசிரியர். நானோ தமிழ். நான் ஆங்கிலம் வாசித்தால் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பானு டீச்சர் சுண்ணக்கட்டியால் பலகையை ஒரு தட்டுத் தட்டுவார். தப்பு என்று அர்த்தம். பிள்ளைகளை அல்ல, என்னைத் தட்டுகிறார் என்று தெரிந்ததும் வகுப்புக்கே கொண்டாட்டம். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் போகப் போக ஒன்றைக் கவனித்தேன். நான் தடுமாறினால் முன் பெஞ்சுப் பிள்ளைகள் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் வாயிலிருந்து ஆங்கிலம் வந்து நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

ஜூலை முழுக்க நூலக வேலை. ஒன்பதாவது வகுப்பு மொத்தமும் கை கொடுத்தது. அரசு முத்திரை குத்தி வந்து ஒரு தடவைகூடத் திறக்கப்படாத புத்தகங்கள் கட்டுக் கட்டாக இருந்தன. சிலவற்றை வெள்ளிப்பூச்சி தின்றிருந்தது. வெயிலில் பரப்பி, தட்டி, பழைய கேலண்டர் தாளில் அட்டை போட்டு, எண் ஒட்டி அடுக்கினார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் ஒரு பீரியடு வாசிப்பு என்று கால அட்டவணையில் ஏற்றினார் மதியழகன் சார். தரையில் பாய் விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்தோம்.

ஆறாவது பிள்ளைகளுக்குத் தாங்களாக ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். பானு டீச்சரால் முடியாது. ஒன்பதாவதிலிருந்து ஒருத்தியை வரச் சொல்லிக் கையைக் காட்டினார். அவர் காட்டியது வகுப்பில் நன்றாகப் படிக்கிற பெண்ணை. எழுந்து வந்தவள் அவளுக்குப் பின்னால் இருந்த தனப்பிரியா. தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துவிட்டாள். வந்தவளைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் புத்தகத்தைக் கொடுத்தார்.

தனப்பிரியாவின் அப்பா போர்வெல் ரிக் வண்டியில் வேலை செய்பவர். வருடத்தில் எட்டு மாதம் வட மாநிலங்களில் இருப்பார். அம்மா சின்னாயி தறி ஓட்டுகிறார். இந்தப் பெண் மூன்று வருடமாக ஆங்கில வகுப்பில் வாயே திறந்ததில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நின்று அழுவாள். அப்படிப்பட்டவள் ஆறாவது பிள்ளைகள் முப்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்து, ஒரு தீவுக்குப் போன ஆமையின் கதையை வாசித்தாள். தீவு என்பதற்கான ஆங்கிலச் சொல்லை எழுத்துக் கூட்டி 'இஸ்லாண்டு' என்றே கடைசிவரை படித்தாள். ஆனால் நிறுத்தவில்லை. ஆமை பேசுகிற இடத்தில் குரலை மாற்றினாள். ஒரு பொடியன் சிரித்து உருண்டான்.

பீரியடு முடிந்து பிள்ளைகள் போனதும் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா, போன வருசம் வரைக்கும் ஊமை மாதிரி நிப்பியே, இப்ப எங்கிருந்து வந்துச்சு?"

அவள் பாயைச் சுருட்டிக்கொண்டே யோசிக்காமல் சொன்னாள்: "டீச்சர் பேசறப்ப, நாம தப்பாப் பேசிருவமோன்னு பயமா இருக்குமுங்க டீச்சர். அவியளே பேசாதப்ப என்னங்க பயம்?"

பானு டீச்சர் பீரோவுக்குப் பின்னால் நின்று அட்டை எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

அன்று மாலை பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது பானு டீச்சர் நோட்டை எடுக்கவே இல்லை. பேருந்து வருகிற சமயத்தில் எடுத்து ஒரே வரி எழுதினார். "பதினாறு வருசம் மலர். எத்தனை பிள்ளைங்க?"

உங்களிடம் படித்து எத்தனையோ பேர் நல்ல இடத்துக்குப் போயிருக்கிறார்கள் என்றேன். அது உண்மையும்கூட. அவர் தலையை ஆட்டினார், ஆனால் சமாதானம் ஆகவில்லை. இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகு அவருடைய கணவர் ஃபர்ஹான் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை ஒன்பதாவது வகுப்பில் பாடம் எழுதுவதற்கு முன்னால் பலகையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினார். 'உங்களை நான் அதட்டியிருக்கிறேன். அதற்காக வருந்துகிறேன்.' எழுதிவிட்டுத் திரும்பி நின்றார். கண் கலங்கியிருந்தது. நான் வாசிக்காமல் பிள்ளைகளைப் பார்த்தேன். பிள்ளைகளோ, டீச்சர் பலகையில் எது எழுதினாலும் நோட்டில் எழுதிப் பழகியவர்கள். தேதி போட்டு, அடிக்கோடு இட்டு, அந்த இரண்டு வரியையும் அழகாக எழுதிக்கொண்டார்கள். ஒருத்தன் மட்டும் கையைத் தூக்கி, "டீச்சர், இது பரிச்சைக்கு வருமுங்களா?" என்றான். பானு டீச்சர் சத்தமில்லாமல் சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

சுதந்திர தினத்துக்கு ஆங்கிலப் பேச்சு ஒன்று உண்டு. எப்போதும் பானு டீச்சர் எழுதிக் கொடுப்பார். ஒரு பிள்ளை மனப்பாடம் செய்து மழை கொட்டுவது போல் கொட்டும். ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் புரியாது, கை தட்டுவார்கள். அந்த ஆண்டு அவர் எழுதிக் கொடுக்கவில்லை. தனப்பிரியாவே ஆறு வாக்கியம் எழுதி, திருத்தி வாங்கிக்கொண்டு போய் நின்றாள். நின்று நின்றுதான் பேசினாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: 'என் அப்பா சத்தீஸ்கரில் இருக்கிறார். அவர் தண்ணீருக்காக நிலத்தில் துளை போடுகிறார். எங்கள் வீட்டுக் குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது. இன்று சுதந்திர தினம் என்று அவருக்குப் போன் செய்தேன். அங்கே இயந்திரச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. நான் அவருக்கு வாழ்த்துச் சொல்கிறேன்.'

நான் முதல் ஆளாகக் கை தட்டினேன். ஆனால் கூட்டத்தில் முணுமுணுப்பு. போன வருடம் எப்படிச் சரளமாக இருந்தது, இந்த வருடம் இப்படித் திக்கல் திணறலாக இருக்கிறதே என்றார்கள். "டீச்சருக்குத் தொண்டை போச்சு, நம்ம பள்ளிக்கோடத்துக்கு இங்கிலீசே போச்சுங்க" என்று சொன்னது ராசப்பன். சங்ககிரியில் லாரி பாடி கட்டுகிற பட்டறை வைத்திருப்பவர். அவருடைய பையன் பத்தாவது. சொன்னது பானு டீச்சர் காதில் விழுகிற தூரத்தில்தான்.

ஆறு வாரம் முடிந்து டாக்டரம்மாவிடம் போனதில் ஒரு பக்கம் கரைந்திருந்தது, மறுபக்கம் இல்லை. இன்னும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, காலாண்டு விடுமுறையில் அறுவை செய்தார்கள். நான் நாமகிரிப்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போகும் வழியில் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். ஃபர்ஹான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ரயில்வே பார்சல் அலுவலகத்தில் வேலை, சூரமங்கலத்தில்தான் வீடு.

"ஊர்ல எல்லாரும் என்னைப் பார்த்துப் பொறாமைப்படறாங்க டீச்சர். நாலு மாசமா பொண்டாட்டி பேசலைன்னா எவ்வளவு நிம்மதின்னு" என்று சிரித்தார். அப்புறம் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். "சமையக்கட்டுல அவ சும்மா எதையாவது இங்கிலீஷ்ல சொல்லிக்கிட்டே இருப்பா. அது கேக்காம என்னால வீட்ல இருக்க முடியலைங்க."

அறுவை நல்லபடியாக முடிந்தது. ஆனால் மறுபடியும் முழு மௌனம். நவம்பரில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம். முன்பு போல் கத்த முடியாது, இனி எப்போதுமே.

காலாண்டு மதிப்பெண் வந்தபோது பத்தாவது முப்பத்தெட்டுப் பேரில் பதினேழு பேர் ஆங்கிலத்தில் தோல்வி. அதற்கு முந்தைய ஆண்டு ஆறு பேர். பெற்றோர் கூட்டத்தில் ராசப்பன் எழுந்தார்.

"நா டீச்சரைக் குத்தம் சொல்லலீங்க. ஒடம்புக்கு வந்தா யாரு என்ன பண்ண முடியும். ஆனா என்ற பையனுக்கு இந்த ஒரு வருசந்தானுங்க. வேற டீச்சர் வேணும்னு மேல எழுதிப் போடோணும்."

"மூணு தடவை எழுதியாச்சுங்க ராசப்பன். ஆள் வந்தா நான் வேண்டாம்னு சொல்லுவனுங்களா?" என்றார் மதியழகன் சார்.

பானு டீச்சர் நோட்டில் வேகமாக எழுதி என்னிடம் நீட்டினார். நான் எழுந்து வாசித்தேன்.

"ராசப்பன் சொல்றது நியாயம். பதினேழு பேருக்கும் நான்தான் பொறுப்பு. நாளையில இருந்து காலையில எட்டரை மணிக்கு நூலகத்தைத் திறந்து வைக்கிறேன். பத்தாவது பிள்ளைங்களை அனுப்புங்க. நான் எழுதித் தருவேன், அவங்க ஒருத்தருக்கு ஒருத்தர் வாசிச்சுக் காட்டட்டும். அரையாண்டிலும் இப்படியே இருந்தா நானே மாறுதல் கேட்டுப் போயிடறேன்."

பின்னால் நின்றிருந்த சின்னாயி, தறிப் பஞ்சு தலையில் ஒட்டியிருந்தபடியே முன்னால் வந்தார். கூட்டத்தில் அவர் பேசி யாரும் பார்த்ததில்லை.

"ஏனுங்க சார், எனக்குப் படிப்புத் தெரியாது. என்ற புள்ளை தெனமும் ஊட்டுக்கு ஒரு பொஸ்தகம் கொண்டாருது. தறி ஓடற சத்தத்துல என்ற காதுகிட்ட வந்து படிக்குது. எனக்கு ஒண்ணும் வெளங்காது. ஆனா மூணு வருசமா இங்கிலீசு இருக்கற நாளு வவுத்து வலின்னு படுத்துக்குவா. இந்த வருசம் ஒரு நாளு படுக்கலீங்க. இந்த டீச்சரை அனுப்பிராதீங்க சாமி."

சொல்லிவிட்டு, பேசியது தப்போ என்பது போல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பானு டீச்சர் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பேச முடிந்திருந்தாலும் அன்று பேசியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது.

சூரமங்கலத்திலிருந்து எட்டரைக்குப் புளியம்பள்ளம் வர வேண்டுமென்றால் ஆறரைக்கெல்லாம் கிளம்பியாக வேண்டும். ஒரு நாளும் தவறவில்லை. முதல் வாரம் ஒன்பது பேர் வந்தார்கள். மூன்றாவது வாரம் முப்பது. அதில் ராசப்பன் பையனும் ஒருவன். ஒரு நாள் அவனை வண்டியில் இறக்கிவிட வந்தவர் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அத்தனை பிள்ளைகளும் தரையில் குனிந்து, முதுகு வளைந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாள் கழித்துப் பட்டறையிலிருந்து ஒரு மினி லாரி வந்தது. பன்னிரண்டு பெஞ்சுகள். லாரி பாடிக்குப் போடுகிற பலகையில் செய்தவை. ஆள் ஏறி ஆடினாலும் அசையாது. பெயிண்டர் பழக்க தோஷத்தில் எல்லாவற்றிலும் மயிலும் தாமரையும் வரைந்திருந்தார். ஒரு பெஞ்சின் முதுகில் 'ஹாரன் ஒலிக்கவும்' என்றும் எழுதிவிட்டார். ராசப்பனுக்கு ஒரே வெட்கம். "அழிச்சுத் தரச் சொல்றனுங்க டீச்சர்" என்றார். பானு டீச்சர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அந்தப் பெஞ்சுக்குத்தான் இன்றைக்கும் பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள்.

நவம்பரில் டாக்டரம்மா பேச அனுமதித்தார். முதல் வாரம் நாளுக்கு ஐந்தே நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தையும் பானு டீச்சர் பத்தாவது வகுப்புக்கே கொடுத்தார். "ஊட்ல ஃபர்ஹான் சாருக்கு ஒரு நிமிசமாவது வெக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டேன். நோட்டில் எழுதினார்: "அங்கே கொடுத்தா சண்டைக்குத்தான் செலவாகும்." ஆனால் ஞாயிற்றுக்கிழமையின் ஐந்து நிமிடம் ஃபர்ஹானுக்குத்தான் என்று பிறகு தெரிந்தது.

வந்தது பழைய குரல் இல்லை. மெல்லியது, சற்றே தாழ்ந்தது. மூன்றாவது பெஞ்சைத் தாண்டிக் கேட்காது. பின் பெஞ்சுக்காரர்கள் தாங்களாகவே எழுந்து வந்து முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள்.

அந்த மாதமே நாற்பது பிள்ளைகளைச் சேலம் புத்தகத் திருவிழாவுக்குக் கூட்டிப் போனோம். ஆளுக்கு ஒரு புத்தகம், அவரவரே தேர்ந்தெடுக்க வேண்டும். யாரும் எதையும் பரிந்துரைக்கக் கூடாது என்பது பானு டீச்சரின் உத்தரவு. எனக்குத்தான் வாயைக் கட்டிக்கொண்டிருப்பது கஷ்டமாக இருந்தது. தனப்பிரியா இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு, நிலத்தடி நீரைப் பற்றிப் படம் போட்ட ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தாள்.

டிசம்பரில் ஆங்கில மன்ற நாடகம். பிள்ளைகளே எழுதியது. சங்ககிரி டவுன் பஸ்ஸில் ஒரு கண்டக்டர், ஆட்டோடு ஏறுகிற ஒரு பாட்டி. ஆட்டுக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்பதுதான் கதை. ஆடாக நடித்த ஏழாம் வகுப்புப் பையன், தனக்கும் ஆங்கிலத்தில் வசனம் வேண்டும் என்று அடம் பிடித்தான். கடைசிக் காட்சியில் எழுந்து நின்று, "ஐ ஆல்ஸோ வாண்ட் எ சீட்" என்றான். பார்த்துக்கொண்டிருந்த நிஜ கண்டக்டர் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். வட்டாரப் போட்டியில் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. நேரம் மீறிவிட்டார்கள்.

அரையாண்டில் தோல்வி ஒன்பதாகக் குறைந்தது. பொதுத் தேர்வில் இரண்டு பேர். அந்த இரண்டு பேரையும் முடிவு வந்த மறுநாளிலிருந்தே வரவழைத்து உட்கார வைத்தார். துணைத் தேர்வில் தேறினார்கள். ராசப்பனின் பையன் ஆங்கிலத்தில் அறுபத்து மூன்று. பெரிய மதிப்பெண் இல்லைதான். அவன் அப்பா ஆசிரியர் அறைக்கு ஒரு தூக்குவாளி நிறைய பாயசம் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஒரு வார்த்தை அன்னைக்கு அதிகமாப் பேசிட்டனுங்க" என்றார். "நீங்க பேசுனதாலதான் காலை வகுப்பே வந்துச்சு. உங்களுக்குத்தான் நான் நன்றி சொல்லணும்" என்றார் பானு டீச்சர் தன் சின்னக் குரலில்.

நன்றி என்ற சொல்லை அவர் அந்த ஆண்டு முழுக்கச் சேர்த்து வைத்திருந்தார் போலிருக்கிறது. கடைசி வேலை நாளன்று பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார். டாக்டரம்மா, விண்ணப்பத்தை டிராயரில் போட்ட மதியழகன் சார், விடியற்காலையில் எழுந்து டப்பா கட்டித் தந்த ஃபர்ஹான், சின்னாயி.

"தொழுகையில இவங்க பேரெல்லாம் சொல்லித்தான் துஆ கேக்கறேன், மலர். உங்க பேரும் உண்டு. ஆனா உங்க இங்கிலீஷுக்காக இல்லை" என்றார்.

"தெரியுமுங்க" என்றேன்.

ஜூனில் பள்ளி திறந்தபோது காலி இடத்துக்கு அறிவுமதி என்ற இளைஞர் ஆங்கில ஆசிரியராக வந்து சேர்ந்தார். கால அட்டவணை போடும்போது பானு டீச்சர் தனக்கு ஆறாவது வேண்டும் என்று கேட்டார். மதியழகன் சாருக்கு ஆச்சரியம்.

"பத்தாவது எடுக்கறதுதானுங்க டீச்சர் பேரு. மூத்தவங்க நீங்க. ஆறாவது எதுக்கு?"

"பயம் ஆறாவதுலதான் சார் ஆரம்பிக்குது. அங்க இருந்து பார்க்கறேன்."

சார் அட்டவணையில் பெயரை மாற்றி எழுதினார். பத்தாவது அறிவுமதிக்குப் போனது. தனப்பிரியா இப்போது அந்த வகுப்பில்தான் படிக்கிறாள்.

இந்த ஆண்டு ஆறாவதில் நாற்பத்தொரு பிள்ளைகள். வாசிப்புப் பீரியடில் யார் முதலில் வாசிப்பது என்று ஒரே சண்டை. பானு டீச்சரின் குரலுக்கு அந்தச் சண்டையை அடக்க முடியவில்லை. போன வாரம் என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டார். போய், நாற்பத்தொரு பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்துக் கொடுத்துவிட்டு என் வகுப்புக்குத் திரும்பினேன்.